பிரேக் மிதித்தால் என்ன ஆகிறது? அறிகுறி பார்த்து டிஸ்க், பேட் தேர்ந்தெடுக்கும் வழி

"அண்ணா, என் காருக்கு டிரில்டு டிஸ்க் போடலாமா, ஸ்லாட்டட் போடலாமா?" என்று அடிக்கடி யாராவது கேட்கிறார்கள். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு, பேட் என்பது அதை இரண்டு பக்கமும் உரசி நிறுத்தும் கட்டை. டிரில்டு என்றால் டிஸ்க்கில் துளை போட்டது, ஸ்லாட்டட் என்றால் கோடு வெட்டியது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பிரேக் மிதித்தால் என்ன ஆகிறது? பெடல் உள்ளே போகிறதா, கல் மாதிரி நிற்கிறதா, ஸ்டீயரிங் உதறுகிறதா, சத்தமா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் என்ன வாங்குவது என்பது கிட்டத்தட்ட முடிவாகிவிடும். டிஸ்க்கே மாற்ற வேண்டாம் என்று முடிவாவதும் உண்டு. சில நூறு ரூபாய் பிரேக் ஆயிலில் தீர வேண்டிய தொல்லைக்குப் பல்லாயிரம் கொடுத்து டிஸ்க் வாங்கிவிட்டு, தொல்லை அப்படியே இருக்கிறது என்று வருந்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதைப் பொருள் வாரியாக எழுதாமல் அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. பிரேக் ஆயில் டப்பாவில் அளவு வேகமாக இறங்கினாலும், சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் கசிந்த ஈரம் தெரிந்தாலும், வண்டி நிற்கும்போதே மிதித்த பெடல் மெல்ல மெல்ல உள்ளே இறங்கினாலும் மேற்கொண்டு படிக்க வேண்டாம். வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

முதல் சில பிரேக் நன்றாக இருந்தது, அப்புறம் பெடல் தரைவரை போகிறது

இது எனக்கே நடந்தது. சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் முதல் முறை ஓட்டிய நாள். 3.7 கிலோமீட்டர் சுற்று, 12 திருப்பங்கள். மூன்றாவது சுற்று வரை எல்லாம் நன்றாக இருந்தது. நான்காவது சுற்றில் நேர்ச்சாலை முடியும் இடத்தில் மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி இறங்கியது. இரண்டு மூன்று தடவை குத்திக் குத்தி மிதித்து, கியரைக் குறைத்து, ஒருவழியாக வேகம் தணிந்தது. அதற்கு முந்தைய வாரம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பிரேக் ஆயில் மாற்றியிருந்தேன். எப்போதோ திறந்து வைத்த டின்னிலிருந்து ஊற்றியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

பெடல் மெத்தென்று ஆவதற்கு உள்ளே ஆவி இருப்பதுதான் காரணம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் 3, 4, 5.1 என்பவை பிரேக் ஆயிலின் தர வகைகள். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. அதே ஆயிலில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3-க்கு 205-ம் 140-ம், டாட் 5.1-க்கு 260-ம் 180-ம். காலிப்பருக்குள் (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழி உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். உங்கள் கால் கொடுக்கும் அழுத்தம் முழுக்க அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும். சூடு ஆறினால் குமிழி அடங்கி, பெடல் ஓரளவு பழையபடி ஆகும். அதை நம்பி மறுபடி வேகமாக ஓட்டாதீர்கள்.

செய்ய வேண்டியது: சீல் பிரிக்காத புது டின் வாங்கி, உங்கள் கண்ணெதிரில் திறக்கச் சொல்லி, பழைய ஆயில் முழுதும் வெளியேறும் வரை நான்கு சக்கரத்திலும் ஏர் எடுக்க வேண்டும், அதாவது பெடலை மிதித்து ஆயிலையும் உள்ளே சிக்கிய காற்றையும் வெளியேற்ற வேண்டும். சாலைக்கு நல்ல டாட் 4 அல்லது 5.1 போதும். டிராக்குக்கு மோட்டுல் ஆர்.பி.எஃப். 600 மாதிரி 300 டிகிரிக்கு மேல் தாங்கும் ஆயில் கிடைக்கிறது. அதுவும் டாட் 4 வகைதான். டாட் 5 என்று மட்டும் போட்டிருப்பது சிலிக்கோன் ஆயில். மற்றவற்றோடு கலக்கவே கூடாது, ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள கார்களுக்கு அது வேண்டாம். பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். சென்னைக் காற்றின் ஈரத்துக்கு, வேகமாக ஓட்டுபவர்கள் வருடம் ஒருமுறை மாற்றுவது நல்லது என்பது என் கருத்து. டிராக்குக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு முறையும் போவதற்கு முன் ஏர் எடுத்துவிடுங்கள்.

பெடல் எப்போதுமே, வண்டி குளிர்ந்திருக்கும்போதும், மெத்தென்று இருந்தால் கதை வேறு. உள்ளே காற்று இருக்கலாம், ரப்பர் ஹோஸ் பழசாகி உப்பலாம். ஸ்டீல் வலை சுற்றிய ஹோஸ் இந்தத் தொல்லைக்குப் பலன் தரும்.

பெடல் கெட்டியாக இருக்கிறது, வண்டிதான் நிற்க மாட்டேன் என்கிறது

முந்தைய அறிகுறியோடு பலர் குழப்பிக்கொள்வது இதைத்தான். இங்கே ஆயிலில் தவறில்லை. பேட் தன் சூட்டு வரம்பைத் தாண்டிவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் உரசல் கிடைக்காது. கூடவே கருகிய வாடை வரும்.

எவ்வளவு சூடு என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளோடு சேர்த்து 1300 கிலோ எடையுள்ள கார் 100 கி.மீ. வேகத்திலிருந்து நின்றால் சுமார் 5 லட்சம் ஜூல் சூடாக மாற வேண்டும். 140-லிருந்து நின்றால் அது கிட்டத்தட்ட 10 லட்சம். வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, சூடு இரண்டு மடங்கு. இதில் 70 சதவீதம் முன் டிஸ்க்குகளுக்குப் போகிறது, ஒவ்வொன்றும் 6 கிலோ என்று வைத்தால், 100-லிருந்து ஒருமுறை நிற்க டிஸ்க் 60 டிகிரிக்குச் சற்று மேல் ஏறும். 140-லிருந்து என்றால் 125 டிகிரிக்கு மேல். ஆறுவதற்கு இடம் கொடுக்காமல் நாலைந்து முறை அப்படி மிதித்தால், கம்பெனியிலிருந்து வரும் சாதாரண பேட் திணற ஆரம்பிக்கும் எல்லைக்கு வந்துவிடுவீர்கள்.

மலையில் வேகமே தேவையில்லை. இதே கார் 100 மீட்டர் உயரம் இறங்குவது, 100 கி.மீ. வேகத்திலிருந்து இரண்டரை முறை நிற்பதற்குச் சமம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் மூன்றாவது கியரில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் எந்த பேடும் வாடை விடத்தான் செய்யும். ஏலகிரியின் 14 வளைவுகளில் இந்த வாடை வந்தாலே முதலில் மாற்ற வேண்டியது கியர். இரண்டாவது கியரில் இறங்கிப் பாருங்கள். அப்படியும் வாடை வந்தால் மட்டும் பேடைப் பற்றி யோசிக்கலாம்.

பேட் தேர்வு செய்வது எப்படி? எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதை உங்களுக்கு நீங்களே உண்மையாகச் சொல்லிக்கொள்ளுங்கள். வருடத்தில் 360 நாள் அண்ணா சாலையிலும் ஓ.எம்.ஆரிலும் ஊர்ந்துவிட்டு, ஐந்து நாள் மட்டும் மலைக்கோ டிராக்குக்கோ போகிறவருக்கு முழு ரேஸ் பேட் ஆபத்தானது. அந்த பேட் சூடானால்தான் கடிக்கும். சிக்னலில் குறுக்கே ஒரு பைக் வரும்போது உங்கள் பேட் குளிர்ந்துதான் இருக்கும். சாலைக்கும் டிராக்குக்கும் இடைப்பட்ட வகை, ஃபெரோடோ டி.எஸ். 2500 போன்றவை, இத்தகையவர்களுக்குச் சரி. டிராக்கில் முழு நாளும் ஓட்டுபவர் தனி பேட் செட் வைத்துக்கொண்டு அங்கே போய் மாற்றிக்கொள்வதே நல்லது. மலைக்கும் போகாமல் நகரத்துக்குள்ளேயே ஓட்டுபவர் நல்ல சாதாரண பேட் போட்டாலே போதும். பாடியிலும் அம்பத்தூரிலும் பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், ராணே என்று இந்தத் தொழிலில் பெரிய பெயர்கள் நம் ஊரிலேயே இருக்கின்றன.

பேடின் முதுகிலோ விளிம்பிலோ ஒரு நீளமான குறியீடு இருக்கும்; அதன் கடைசியில் எஃப்எஃப், ஜிஜி என்பதுபோல இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பாருங்கள். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உரசல், இரண்டாவது அதிகச் சூட்டில். இ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.45 வரை, ஜி என்றால் 0.55 வரை. இரண்டாவது எழுத்து முதலைவிடக் கீழே இருந்தால் அது சூட்டில் சோர்ந்துபோகும் பேட். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். இருபது நிமிட டிராக் ஓட்டத்தின் சூட்டை அந்தச் சோதனை காட்டாது.

காலையில் ஸ்டார்ட் செய்ததிலிருந்தே பெடல் கல்லாக இருந்தால் பேடைத் தொடாதீர்கள். இன்ஜினை அணைத்துவிட்டு நாலைந்து முறை மிதியுங்கள், பெடல் இறுகும். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்று இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் கால் அழுத்தத்தைக் கூட்டிக்கொடுக்கும் பூஸ்டரிலோ அதற்குப் போகும் வேக்குவம் ஹோஸிலோ கோளாறு.

பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது

"டிஸ்க் வளைந்துவிட்டது, மாற்றியாக வேண்டும்" என்ற தீர்ப்பு உடனே வரும் இடம் இது. டிஸ்க் உண்மையில் வளைவது அபூர்வம். பெரும்பாலும் நடப்பது, டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே அளவாக இல்லாமல் போவது. நூறில் இரண்டு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசம்கூட உங்கள் கைக்குத் தெரிந்துவிடும்.

முதலில் பிரித்துப் பாருங்கள். மிதிக்காமலே 90, 100-ல் உதறினால் வீல் பேலன்ஸ் பாருங்கள். மிதிக்கும்போது ஸ்டீயரிங் உதறினால் முன்சக்கரம். சீட்டுக்கடியில் அதிர்ந்தால் பின்சக்கரம்.

இதற்கு மூன்று காரணங்கள். ஒன்று, ஓ.எம்.ஆரில் வேகமாக வந்து சிக்னலில் கடுமையாக நிறுத்திவிட்டு, பெடலை அழுத்தியபடியே நிற்பது. கொதிக்கும் டிஸ்க்கில் பேடின் பொருள் அந்த ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். கடுமையாக நிறுத்திய பிறகு சமதளத்தில் பெடலை லேசாகத் தளர்த்தி, வண்டியை ஓர் அடி உருளவிடுவது நல்ல பழக்கம். இரண்டு, பஞ்சர் கடையில் ஏர் கன்னால் நட்டுகளைக் கண்டபடி இறுக்குவது. மூன்று, டிஸ்க்குக்கும் அது மாட்டியிருக்கும் ஹப்புக்கும் (சக்கரத்தின் நடுப்பகுதி) நடுவே படிந்த துரு. கடலோரத்தில் நிற்கும் வண்டிகளுக்கு, திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம், இந்த மூன்றாவதை நான் முதலில் சந்தேகிப்பேன்.

அளப்பதற்கு, ஆட்டத்தைக் காட்டும் ஒரு டயல் கேஜும் தடிமன் அளக்கும் மைக்ரோமீட்டரும் வேண்டும். சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கை எடுத்து, ஹப் முகத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, டிஸ்க்கைத் திரும்பப் போட்டு நட்டுகளால் இறுக்குங்கள். விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே டயல் கேஜ் வைத்துச் சுற்றுங்கள். 0.05 மி.மீ.க்கு மேல் ஆடினால் டிஸ்க்கை ஒரு போல்ட் துளை தள்ளி மாட்டி மறுபடி அளங்கள். பலமுறை இதிலேயே ஆட்டம் குறைந்துவிடும். அப்புறம் மைக்ரோமீட்டரால் எட்டு இடத்தில் தடிமன் அளங்கள். வெர்னியரால் அளக்காதீர்கள், தேய்ந்த டிஸ்க்கின் ஓரத்தில் நிற்கும் விளிம்பில் அது உட்கார்ந்து தவறான அளவு காட்டும். தடிமன் வித்தியாசம் இருந்து, டிஸ்க்கும் போதுமான கனத்தில் இருந்தால் லேத்தில் கொடுத்து முகம் எடுக்கலாம், அதாவது மேற்பரப்பைச் சீவிச் சமமாக்கலாம். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கின் ஓரத்திலேயே பொறித்திருக்கும். முகம் எடுத்தபின் அதற்குக் கீழே போகும் என்றால் லேத்துக்கே கொண்டுபோக வேண்டாம், புதிது வாங்குங்கள்.

புது டிஸ்க் போட்டும் சில ஆயிரம் கிலோமீட்டரில் உதறல் திரும்பியது என்றால், மேலே சொன்ன மூன்றில் ஒன்றைச் சரி செய்யாமல் விட்டிருக்கிறீர்கள்.

சத்தம்

மெதுவாக நிறுத்தும்போது மட்டும் கீச்சென்றால் பெரும்பாலும் பயமில்லை. ஸ்போர்ட்ஸ் பேடுகள் குளிர்ந்திருக்கும்போது கத்தும். அது அவற்றின் இயல்பு. பேடின் முதுகில் ஷிம் (சத்தத்தைத் தணிக்கும் மெல்லிய தகடு) இருக்கிறதா, உலோகத்தோடு உலோகம் தொடும் இடங்களில் பிரேக்குக்கான கிரீஸ் இருக்கிறதா பாருங்கள். சாதாரண கிரீஸ் உருகி வழிந்து பேடில் படும், அதனால் கூடாது. பேட் முகம் கண்ணாடி மாதிரி பளபளத்தால் சூட்டில் இறுகிவிட்டது என்று பொருள்.

மிதிக்கும்போது இரும்பு அரைபடும் சத்தம் வந்தால் பேட் தீர்ந்து தகடு டிஸ்க்கைத் தின்கிறது. அன்றைக்கே நிறுத்துங்கள். 3 மி.மீ.க்கு வந்ததுமே பேடை மாற்றியிருந்தால் டிஸ்க் பிழைத்திருக்கும்.

ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது ஒரு பேட் மட்டும் தேய்கிறது

காலிப்பர் நகர்ந்துகொடுக்க உதவும் ஸ்லைடு பின் இறுகிவிட்டது என்பதுதான் வழக்கமான காரணம். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், டிஸ்க்கைத் தொடாமல். ஒன்று மட்டும் அனலடித்தால் அதுதான். பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்குரிய சிலிக்கோன் கிரீஸ் போட்டு, கிழிந்த ரப்பர் உறையை மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ சக்கரம் மூழ்கும் அளவு தண்ணீரில் நின்ற வண்டி என்றால், இதை அறிகுறி வரும்வரை தள்ளிப்போடாதீர்கள். பின்னால் டிரம் இருந்தால் அதையும் திறந்து சேறு எடுங்கள்.

மழையில், அல்லது காலையில், முதல் மிதி பிடிக்கவில்லை

இரவு மழை பெய்தால் காலையில் டிஸ்க் செம்பழுப்பாகத் துரு பூத்திருக்கும். நாலைந்து பிரேக்கில் போய்விடும். ஓடும் மழையில் முதல் மிதி வழுக்கினால் டிஸ்க்கில் தண்ணீர்ப் படலம். தேங்கிய நீரைக் கடந்தவுடன் பெடலை லேசாகத் தொட்டுக் காயவைத்துக்கொள்ளுங்கள். ஸ்லாட்டட் டிஸ்க்கின் கோடுகள் நீரை வழித்துவிடும் என்பது உண்மைதான். அதற்காக மட்டும் வாங்கும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. ஸ்போர்ட்ஸ் பேட் போட்ட பிறகுதான் இது ஆரம்பித்தது என்றால், உங்கள் ஓட்டத்துக்கு மீறிய பேடை வாங்கிவிட்டீர்கள். ஒரு படி கீழே இறங்குங்கள்.

கோளாறு எதுவும் இல்லை, இன்னும் சீக்கிரம் நிற்க வேண்டும்

வெறிச்சோடிய இடத்தில், பின்னால் யாரும் இல்லாதபோது, 60-ல் வேகமாக மிதித்துப் பாருங்கள். ஏ.பி.எஸ். பெடலை உதைக்கிறதா? உதைத்தால் உங்கள் பிரேக்குக்குச் சக்கரத்தைப் பூட்டும் பலம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குமேல் வண்டியை நிறுத்த வேண்டியது டயர். ஐந்து வருடப் பழைய, இறுகிய டயரை வைத்துக்கொண்டு பெரிய டிஸ்க் போட்டால் நிற்கும் தூரம் குறையாது. அந்தப் பணத்தை நான்கு நல்ல டயரில் போடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், மழையில் உயிர் காப்பது அதுதான். பெரிய டிஸ்க்கின் வேலை ஐந்தாவது, பத்தாவது முறையும் முதல் முறை மாதிரியே நிறுத்துவது.

அப்படியானால் டிஸ்க் எப்போது?

ஆயிலும் சரி, பேடும் உங்கள் ஓட்டத்துக்கு ஏற்றது, அப்படியும் டிஸ்க் நீலம் பாய்கிறது, நகம் மாட்டும் அளவுக்கு வெடிப்பு விடுகிறது, டிராக்கில் ஒரே நாளில் பேட் பாதி தீர்கிறது. இவை வந்தால் சூட்டை வாங்கிக்கொள்ள இரும்பு போதவில்லை. மேலோட்டமான மயிரிழைக் கோடுகள் பரவாயில்லை. ஓரம்வரை போன வெடிப்பு இருந்தால் அந்த டிஸ்க்கை அன்றே கழற்றிவிடுங்கள்.

சாலைக்கு என் முதல் தேர்வு நடுவே காற்றுவழி உள்ள, முகம் வழவழப்பான நல்ல டிஸ்க். அதில் இரும்பு முழுசாக இருக்கிறது. டிராக்குக்கும் போகிறவருக்கு ஸ்லாட்டட். கோடுகள் பேடின் முகத்தைச் சுரண்டிப் புதிதாக வைத்திருக்கும். பேட் சற்று வேகமாகத் தீரும், லேசான இரைச்சலும் வரும். டிரில்டு டிஸ்க்கை டிராக்கில் கடுமையாக ஓட்டினால் துளையைச் சுற்றித்தான் வெடிப்பு ஆரம்பிக்கும். வழவழப்பான டிஸ்க்கில் யாரோ பின்னால் துளை போட்டு விற்பதை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பெரிய டிஸ்க்கும், பேடை அழுத்தும் பிஸ்டன் நாலு உள்ள காலிப்பரும் சேர்ந்த கிட் என்றால் மூன்று கேள்விகள். உங்கள் ரிம்முக்குள் அடங்குமா? காகித அச்சு வெட்டி ரிம்முக்குள் வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பிஸ்டன் பரப்பு பழையதற்கு நெருக்கமா? மிகப் பெரிதானால் பெடல் நீளமாக இறங்கும். முன்பக்கம் மட்டும் பலம் கூடினால் முன்டயர்கள் முந்திப் பூட்டி, பின்பிரேக் சும்மா கிடந்து, நிற்கும் தூரம் கூடவும் செய்யலாம். கடைசியாக, அந்த கிட்டுக்குப் பேட் இங்கே கிடைக்குமா? சென்னையில் வாகன உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றி விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் பழைய காலிப்பர் கிடைத்தால் புது சீல் போடாமல் மாட்டாதீர்கள். பழைய டிஸ்க்கை வாங்கவே வாங்காதீர்கள்.

மாட்டும்போதும், மாட்டிய பிறகும்

காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறந்துவிட்டால் அழுக்கு ஆயில் ஏ.பி.எஸ். பக்கம் போகாது. பின்பக்கம் எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் இருந்தால் சர்வீஸ் மோடில் போடாமல் பிஸ்டனை அமுக்கவே கூடாது, மோட்டார் போய்விடும். புது டிஸ்க்கில் பூசியிருக்கும் எண்ணெயை பிரேக் கிளீனரால் துடையுங்கள். நட்டுகளை நட்சத்திர வரிசையில், டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்), கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். இதை மறந்தால் முதல் மிதியில் பிரேக்கே இருக்காது.

அப்புறம் பேடை டிஸ்க்கோடு பழக்க வேண்டும். ஞாயிறு விடியற்காலை வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் வண்டி குறைவாக இருக்கும். பின்னால் யாரும் வராதபோது மட்டும், சட்ட வேகத்துக்குள், 70-லிருந்து 15 வரை எட்டு முதல் பத்து முறை அழுத்தமாக, ஆனால் ஏ.பி.எஸ். வராமல், முழுதாக நிற்காமல் வேகம் குறையுங்கள். பேட் கம்பெனி வேறு முறை சொல்லியிருந்தால் அதன்படி. பிறகு பத்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூட்டோடு ஹேண்ட்பிரேக் போடாதீர்கள்.

100 கிலோமீட்டர் கழித்து நட்டுகளை ஒருமுறை சரிபார்த்து, டார்ச் அடித்து டிஸ்க்கைப் பாருங்கள். சாம்பல் நிறப் படலம் இரண்டு முகத்திலும் திட்டுத்திட்டாக இல்லாமல் ஒரே சீராகப் படிந்திருக்க வேண்டும். திட்டு தெரிந்தால் அடுத்த ஞாயிறு இன்னொரு முறை.